டிரைவர் பையிலயே தூங்கட்டும்

ஞாயித்துக்கிழம காலையில பெங்களூர்ல எந்த கோல்ஃப் ரேஞ்சுக்கு போனாலும் எல்லாரும் டிரைவர, அதான் தூரமா அடிக்கிற பெரிய மட்டைய, வெச்சு பளார் பளார்னு அடிச்சிட்டு இருப்பாங்க, பந்த குழிக்குள்ள உருட்டிப் பழகுற பட்டிங் கிரீன் பக்கம் ஈ காக்கா இருக்காது. நான் இப்போ அங்கதான் கெடக்கேன். ஸ்கோர் கார்ட வெச்சு உக்காந்து பாத்தா மொத்த அடியில பாதிக்கு பக்கமா பட்டருக்கே (பந்த உருட்டுற மட்டை) போகுது, அப்புறம் தூரமா அடிச்சு என்ன புண்ணியம் சொல்லுங்க?

ஹோல், அதான் பந்து விழுற குழி, அகலம் வெறும் 4.25 இன்ச், அதனால நாம பந்து போற லைனயே மொறச்சு பாக்குறோம், ஸ்பீட கண்டுக்கிறதில்ல. தூரத்துல இருந்து உருட்டுற பட்டுக்கு ஹோலே வேணாம்னு ஒரு டீய (பந்து வைக்கிற குட்டி ஆணி) நட்டு அதுகிட்ட பந்து வந்து நிக்கிற மாதிரி உருட்டுறேன். கிட்ட இருந்து போடுறப்போ தலைய தூக்காம, பந்து உள்ள விழுற சத்தத்த காதாலதான் கேக்கணும், சொல்றது சுலபம், கழுத்து கேக்க மாட்டேங்குது.

நம்ம ஊரு கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக் 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல நாலாவதா வந்தாங்களே, அவங்களவிட தூரமா அடிக்கிறவங்க எத்தனையோ பேர் பின்னாடி நின்னாங்க, எல்லாம் பட்டர் பண்ண வேல!

காலையில பனி ஈரத்துல பந்து சோம்பேறியா போகும், வெயில் ஏறினா அதே அடிக்கு கடகடன்னு ஓடும், ரெண்டு நேரத்துலயும் உருட்டிப் பாக்கணும்னு பிளான், ஆபீஸ் கால் விட்டா.