ஹேங்கரில் தொங்கும் கணிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

அடுத்த சீசனுக்கான அறிக்கையை இன்று தொடங்கினேன். திருமண கவுன் விற்கும் ஐந்து கடைகளுக்கு, எதை வாங்கி மாட்டலாம், எதைத் தொடாமல் விடலாம் என்று சொல்வது என் வேலை. ஏப்ரலில் நியூயார்க்கிலும் பார்சிலோனாவிலும் புதுத் தொகுப்புகளைக் காட்டுவார்கள். அங்கே கிளம்புவதற்கு முன் கடைக்காரர்கள் கையில் அறிக்கை இருக்க வேண்டும்.

வழக்கம்போல முதலில் காலக் கணக்கைப் போட்டேன். ஏப்ரலில் ஆர்டர் கொடுத்தால் சாம்பிள் கவுன் கடைக்கு வர ஆண்டுக் கடைசி ஆகிவிடும். அதைப் போட்டுப் பார்க்க வரும் பெண்ணுக்குக் கல்யாணம் இன்னும் எட்டு, பத்து மாதம் தள்ளி இருக்கும். அவள் அளவுக்குத் தைத்து வர நான்கைந்து மாதம், திருத்தத் தையலுக்கு ஒன்றிரண்டு மாதம். அந்தச் சாம்பிள் ஒரு வருடமாவது ரேக்கில் தொங்கி ஆர்டர் பிடித்தால்தான் போட்ட பணம் திரும்பும். ஆக, நான் இன்று எழுதுவதை ஒருத்தி 2027-இல் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். அன்றாட உடைகளை விற்பவர்களுக்கு இந்த அவஸ்தை இல்லை. விற்காவிட்டால் தள்ளுபடி போட்டு இரண்டு வாரத்தில் கழித்துவிடுவார்கள்.

மார்ச் 5, புதன்

நாள் முழுக்கப் படங்கள். பின்டரெஸ்ட், இன்ஸ்டாகிராம், போன அக்டோபர் ஷோக்களின் படங்கள். எங்கு திரும்பினாலும் பாஸ்க் இடுப்புதான். இடுப்பு வெட்டு நேராகச் சுற்றிப் போகாமல், முன்பக்கம் வயிற்றுக்குக் கீழே V போலக் கூராக இறங்கும் வெட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய உடைகளில் இருந்தது, இப்போது திரும்பி வந்திருக்கிறது. கூடவே வெளியே தெரியும் கார்செட் எலும்புகள் (உடம்பை இறுக்கிப் பிடிக்கும் மேல்பாகத்தில் வைத்துத் தைக்கும் விறைப்பான பட்டிகள்), பெரிய போ எனும் ரிப்பன் முடிச்சு, கழற்றி மாட்டும் ஸ்லீவ்.

எத்தனை பேர் ஒரு படத்தைச் சேமித்தார்கள் என்ற எண்ணை நான் பாதிதான் நம்புவேன். கல்யாணமே நிச்சயம் ஆகாதவர்களும் சேமிக்கிறார்கள். கண்ணாடி முன்னால் நிற்கும்போது அவர்களே வேறு ஆளாகிவிடுவார்கள்.

மார்ச் 8, சனி

துணி மாதிரிகள் வந்தன. மிகாடோ என்ற பட்டுக் கலப்புத் துணி கனமாக, விறைப்பாக, அழகாக இருக்கிறது. மேஜை முழுக்க வெள்ளைத் துண்டுகளைப் பரப்பி வைத்ததைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். ஒன்பது வெள்ளை, ஒன்பதும் வேறு வேறு. சொன்னால் யார் நம்புகிறார்கள்?

மார்ச் 11, செவ்வாய்

கடைக்காரர் ஒருவர் கேட்டிருந்தார்: "பிரபலங்கள் கல்யாணத்தை வைத்து எவ்வளவு தூரம் நம்பி வாங்கலாம்?" நல்ல கேள்வி.

1981-இல் பிரிட்டிஷ் இளவரசி டயானா போட்டது ஐவரி (தந்த வெள்ளை) நிறத்தில் டாஃபெட்டா என்ற மொரமொரப்பான பட்டு. பெரிய பஃப் கை, பின்னால் தரையில் இழுபடும் 25 அடி ட்ரெயின். கை பரவியது. ட்ரெயினை எவர் வாங்குவார்? 1996-இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகனைக் கல்யாணம் செய்த கரோலின் பெஸெட் கென்னடி போட்டது நார்சிஸோ ரோட்ரிகெஸ் வடிவமைத்த பயாஸ் கட் (துணியைக் குறுக்காக வெட்டி உடம்போடு ஒட்டி விழவைக்கும் வெட்டு) ஸ்லிப் உடை. ஒட்டுவேலை, லேஸ், எதுவும் கிடையாது. அந்த எளிமை இன்றுவரை விற்கிறது. ஆனால் பயாஸ் கட் பட்டு உடலின் ஒவ்வொரு மடிப்பையும் காட்டிக் கொடுக்கும் என்பதால், தடித்த க்ரேப்பில், உள்ளே லைனிங் வைத்து, கொஞ்சம் இளக்கித்தான் கடைக்கு வருகிறது. 2011-இல் பிரிட்டிஷ் இளவரசர் வில்லியமைக் கல்யாணம் செய்த கேட் மிடில்டனுக்கு வடிவமைப்பாளர் சாரா பர்ட்டன் செய்தது லேஸ் கை வைத்த கவுன். அதுவரை தோளில் பட்டி இல்லாத ஸ்ட்ராப்லெஸ்தான் ரேக்கை நிறைத்திருந்தது. அதற்குப் பிறகு "கை வைத்தது இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

மொத்த உடை யாரிடமும் போவதில்லை, அதில் பிய்த்து எடுக்க முடிகிற துண்டுதான் போகிறது என்று அவருக்குப் பதில் எழுதினேன். ஒரு கவுனைப் பார்த்தால், இதில் எதைப் பிய்த்து வேறொரு கவுனில் ஒட்டலாம் என்று பாருங்கள். ஒன்றும் பிய்ந்து வராவிட்டால் அது படத்தோடு நிற்கும்.

மார்ச் 14, வெள்ளி

பழைய அறிக்கைகளை எடுத்துப் படித்தேன். 2020-ஐப் படிக்கும்போது காது சூடாகிவிட்டது. கூட்டம் கூடாத கல்யாணங்கள், கணுக்கால் வரை உள்ள குட்டை உடைகள், கோட்-பேன்ட். "பெரிய கவுன்களின் காலம் முடிந்தது" என்று எழுதியிருக்கிறேன், அதுவும் தடித்த எழுத்தில்! என்னை நம்பி ஒருவர் குட்டை உடைகளை எடுத்தார். கொரோனாவுக்கு அடைத்து வைத்தது திறந்ததும், தள்ளிப்போட்ட கல்யாணங்கள் ஒரே மூச்சில் வந்தன. வந்தவர்கள் கேட்டது அகல விரியும் பாவாடை வைத்த பால் கவுன். அவர் ரேக்கில் குட்டைகள் தொங்கிக்கொண்டே இருந்தன.

எங்கே தவறினேன்? வேறு வழியில்லாமல் செய்ததை விருப்பம் என்று எடுத்துக்கொண்டேன். அதற்கு முன்னுதாரணம் கண்முன்னாலேயே இருந்தது. பிரிட்டனில் 1941 முதல் 1949 வரை உடைக்கு ரேஷன். அந்தக் காலத்தில் பாராசூட் பட்டிலும் மணப்பெண் உடை தைத்திருக்கிறார்கள். 1947 நவம்பரில் கல்யாணம் செய்த இளவரசி எலிசபெத்துக்கே கூப்பன் வேண்டியிருந்தது. ஆனால் அதே வருடம் பிப்ரவரியில் பாரிஸில் வடிவமைப்பாளர் டியோர் காட்டியது என்ன? கெஜம் கெஜமாகத் துணியைச் செலவழிக்கும் பாவாடை. இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டுதான் அந்தத் தடித்த எழுத்தைப் போட்டிருக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

இன்று கடை ஒன்றின் ட்ரையல் அறையில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். இந்த மாதத்தில் உருப்படியான நாள் இதுதான்.

அங்கே உதவிக்கு நிற்கும் பெண் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். எது விற்றது என்று அதில் இல்லை, அது பில்லிலேயே வந்துவிடும். போட்டுப் பார்த்து வேண்டாம் என்றது எது, ஏன் என்பதுதான் அதில் இருக்கிறது. "உட்கார்ந்தால் எலும்பு குத்துகிறது." "கையைத் தூக்க முடியவில்லை." "முதுகு பிடிக்கவில்லை." "பிடித்திருந்தது, அம்மா முகம் மாறியது." ஒரே வரிக் காரணங்கள், பக்கம் பக்கமாக. ஆயிரம் படம் பார்ப்பதைவிட எனக்கு இது மேல்.

நோட்டைப் புரட்டி, பாஸ்க் பற்றி எழுதிய பக்கத்தில் வந்து நின்றேன். ஆசையாகக் கேட்டு எடுத்துப் போடுகிறார்கள், பாதிக்கு மேல் கழற்றிவிடுகிறார்கள். ஏன் என்பதை மதியமே கண்ணால் பார்த்தேன். சாம்பிள் ஒரே அளவில்தான் வரும். பெரிதாக இருந்தால் முதுகுப்பக்கம் கிளிப் போட்டு இழுப்பார்கள். நேரான இடுப்புக்கு அது போதும். பாஸ்க்கில் அப்படி இழுத்தால் முன்னால் உள்ள கூர் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. உடம்பு குட்டையான பெண்ணுக்கோ கூர் இறங்கக் கூடாத இடம் வரை இறங்கிக் கால் குட்டையாகத் தெரிகிறது. "உங்கள் அளவுக்குத் தைத்தால் சரியாகிவிடும்" என்று சொல்கிறார்கள். அந்தப் பெண் கண்ணாடியில் பார்ப்பதைத்தானே நம்புவாள்?

திருத்தத் தையல் செய்யும் அக்காவிடம் கேட்டேன், அப்புறம் கூரை மேலே ஏற்ற முடியாதா என்று. "நேர் இடுப்புன்னா சமாளிக்கலாம். இதுல ஸ்கர்ட்டை முழுசாப் பிரிக்கணும், எலும்பை வெட்டணும், லேஸ் பூ பொருந்தாது. நீங்க எழுதுறீங்க, நான்ல தைக்கணும்" என்றார். பதில் சொல்ல வாயில்லை.

மார்ச் 21, வெள்ளி

நிறம். சீக்கிரம் முடித்தேன். இந்தத் தடவையும் ஐவரிதான் பிரதானம். பளீர் வெள்ளை செயற்கை இழையில்தான் நன்றாக வரும், பட்டுத் துணியை அவ்வளவு வெளுக்க முடியாது. வருடம்தோறும் பேன்டோன் என்ற நிற நிறுவனம் அறிவிக்கும் நிறத்தைப் பற்றி ஒரு பத்தி போடச் சொல்லி ஒருவர் கேட்டார். தோழிகள் உடைக்கு வேண்டுமானால் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

அறிக்கை முடிந்தது. மாலையில் கடைக்காரர் ஒருவரிடமிருந்து அழைப்பு.

"பாஸ்க் அஞ்சு எடுக்கலாம்னு இருக்கேன். ஊரே அதைத்தானே கேக்குது?"

"இரண்டு எடுங்கள். கூர் ஆழமாக இறங்குவது ஒன்று, லேசாக வளைந்து நிற்பது ஒன்று. ஆழமானதை ஜன்னலில் மாட்டுங்கள், ஆளை உள்ளே கூட்டி வரும். லேசானதுதான் பில் ஆகும்."

"அப்போ மீதி மூணுக்கு?"

"நேர் இடுப்பில் கார்செட் மேல்பாகம், மிகாடோ ஸ்கர்ட். கழற்றி மாட்டும் ஸ்லீவ் இரண்டு ஜோடி தனியாக வாங்குங்கள். ஒரே கவுனை நான்கு பேருக்கு நான்கு விதமாகக் காட்டலாம்."

"அந்த பிராண்டுல குறைஞ்சபட்ச ஆர்டர்னு ஒண்ணு இருக்கே மேடம், எதையாவது போட்டு எண்ணிக்கையை நிரப்பணும்."

நியாயம்தான். சாம்பிளைக் கடை சொந்தக் காசில் வாங்குகிறது. விற்காத கவுனை வடிவமைப்பாளர் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. எண்ணிக்கையை நிரப்ப வேண்டுமென்றால் இடுப்பிலிருந்து A போல விரியும் வெறும் ஏ-லைனை வைத்து நிரப்புங்கள் என்றேன். "அது போரடிக்குமே" என்றார். போரடிப்பதுதான் வாடகை கட்டுகிறது என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 28, வெள்ளி

ஐந்து பேருக்கும் அனுப்பிவிட்டேன். மூன்று பேர் "நன்றி" என்று மட்டும் போட்டார்கள். ஒருவர் இன்னும் திறக்கவே இல்லை. திங்கள்கிழமை பேசியவரிடமிருந்து மட்டும் இரவில் வந்தது: "யோசிச்சேன். நாலு எடுக்கிறேன்."

ட்ரையல் அறையில் பார்த்ததுபோல நானும் ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் தேதி, பாஸ்க், நான் சொன்னது 2, அவர் எடுப்பது 4 என்று எழுதி, "ஏன்" என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.