முதலில் மேல்திசையை முடிவு செய்யுங்கள்

சென்னை ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் கேம் புரோகிராமர் வேலைக்குத் தேர்வு எழுதப் போகும் தம்பி தங்கைகளுக்காக இது. நான் எழுதிய தேர்வில் பெரிய கேள்வியே இதுதான்: உருண்டையான கோளின் மேல் ஒரு கேம் கதாபாத்திரம் நடக்கிறது, கேமரா பார்க்கும் பக்கமாக அதை நகர்த்த வேண்டும்.

பாதிக் கேள்விக்குப் பிளஸ் ஒன் கணக்கில் வரும் வெக்டர் (நீளமும் திசையும் சேர்ந்த அளவு) பாடமே போதும். கோட்டூர்புரம் அண்ணா நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதியில் உட்கார்ந்து அதில் வரும் வீழல் (projection, ஒரு வெக்டரின் நிழல் போன்றது) கணக்குகளைத்தான் திரும்பத் திரும்பப் போட்டேன்.

ஈர்ப்புக்கு நேர் எதிராக ஓர் அலகு வெக்டர் (நீளம் 1 உள்ளது) எடுங்கள். அதுதான் மேல்திசை. பார்வைத் திசையில் மேல்திசைக்கு உள்ள பங்கைக் கழித்துவிட்டால், மிச்சம் தரையோடு படிந்துவிடும்; இதுதான் தரைமேல் வீழல். எண் போட்டுப் பார்ப்போம். மேல்திசை (0, 1, 0), பார்வை (0.6, −0.8, 0). அந்தப் பங்கைத் தருவது இரண்டின் புள்ளிப் பெருக்கல் (dot product, நேர் நேர் எண்களைப் பெருக்கிக் கூட்டுவது): −0.8. கழித்தால் (0.6, 0, 0). திசை சரி, ஆனால் நீளம் 0.6தான். இதை அப்படியே வேகத்தோடு பெருக்கினால், கேமரா குனியும்போதெல்லாம் பாத்திரத்தின் நடை தளரும். நீளத்தை 1 ஆக்கிவிட்டுப் பெருக்குங்கள்.

சரி, கேமரா நேர் கீழே பார்த்தால்? மிச்சம் பூஜ்யம், நீளத்தால் வகுக்கவே முடியாது. நல்ல விடையைப் பிரித்துக் காட்டுவது இந்த இடம்தான் என்பேன். அப்போது கேமராவின் உச்சித் திசையை (அதன் மேற்பக்கம் காட்டும் திசையை) எடுத்துக்கொள்ளுங்கள். நேர் மேலே பார்த்தால் அதற்கு எதிர்த்திசை. சந்தேகம் இருந்தால் எழுந்து நின்று தலையைக் குனியுங்கள், உச்சந்தலை முன்பக்கம் காட்டும்.

அப்புறம் நடைத்திசையைக் கோளோடு வளைப்பது. கோளில் அடிக்கு அடி மேல்திசை மாறும். பழைய மேல்திசையைப் புதியதோடு சேர்க்கும் சுழற்சியையே நடைத்திசைக்கும் கொடுக்க வேண்டும். அச்சு இரு மேல்திசைகளின் குறுக்குப் பெருக்கலில் (cross product, இரண்டுக்கும் செங்குத்தான வெக்டரைத் தருவது) கிடைக்கும், கோணம் புள்ளிப் பெருக்கலில். சின்ன அடிகளுக்கு வீழல் எடுத்து நீளத்தைச் சரிசெய்தாலும் ஏறக்குறைய அதே விடைதான். ஆனால் எதிரே உள்ள சுவரே தரையாக மாறுகிறது என்றால் வீழல் பூஜ்யமாகிவிடும். சுழற்றினால் பாத்திரம் சுவரில் ஏறி நடக்கும்.

ஈர்ப்பு அப்படியே தலைகீழானால் குறுக்குப் பெருக்கலும் பூஜ்யம்; அச்சை நாமே தேர வேண்டும். நடைத்திசையை அச்சாக்கினால் போகிற போக்கு மாறாது. வலப்பக்கத்தை அச்சாக்கினால் வந்த வழியே திரும்பும். எதை எடுத்தீர்கள், ஏன் என்று விடைத்தாளில் ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள்.