எத்தனை மணிக்கு வந்த தகவல்?

2015 டிசம்பர் 3. அடையாற்று வெள்ளம் சென்னைக்குள் புகுந்து இரண்டாம் நாள். தன்னார்வலர்கள் பகிர்ந்த ஒரு கூகுள் ஷீட்டில் நானும் உட்கார்ந்திருந்தேன். “ஜாபர்கான்பேட்டை, இரண்டாம் மாடி, கைக்குழந்தை, பால் இல்லை.” முகவரி, போன் நம்பர் எல்லாம் இருந்தன, எழுதிய நேரம் மட்டும் இல்லை. லைன் கிடைக்கவே அரைமணி ஆனது. “நாங்க நேத்தே வெளிய வந்துட்டோம் சார்!” அதற்குள் படகு அங்கே கிளம்பியிருந்தது.

அப்புறம்தான் ஷீட்டில் இரண்டு நெடுவரிசைகள் சேர்த்தோம்: தகவல் வந்த நேரம், கடைசியாகப் பேசி உறுதிசெய்த நேரம். மூன்று மணிநேரம் யாரும் தொடாத வரி சிவப்பாகும். வண்ணம் தீட்டியது நான்தான், கையால்! செம்பரம்பாக்கம் ஏரியில் விநாடிக்கு 29,000 கனஅடி திறந்த செய்தியோ, தண்ணீர் வடிந்த பிறகும் வாட்ஸ்அப்பில் “இப்போது” என்றே வந்துகொண்டிருந்தது.