அப்பாவின் பைக்கும் ஒரு டிக் டிக் சத்தமும்

ஜூன் 8, 2024, சனி

கோடை விடுமுறை முழுக்க மூலையில் நின்ற 100 சிசி பைக்கை இன்று வெளியே எடுத்தேன். நான்காவது உதையில் கிளம்பியது. கிளம்பியதுமே இன்ஜினின் மேல்பக்கத்திலிருந்து டிக் டிக் டிக் என்று தையல் மிஷின் ஓடுவதுபோல ஒரு சத்தம். ஆக்சிலேட்டரைத் திருகினால் அதுவும் வேகமெடுக்கிறது. பேருந்து நிலையம் வரை போய் வருவதற்குள் பாதியாகக் குறைந்துவிட்டது, ஆனால் அடங்கவில்லை.

வழியில் மெக்கானிக் கடையில் நிறுத்தினேன். அவர் வண்டியைத் தொடக்கூட இல்லை. "பழைய வண்டி சார். 20டபிள்யூ-50 ஊற்றுங்கள், சத்தம் அடங்கிவிடும்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, தடித்த ஆயில் சத்தத்தை அமுக்கத்தான் செய்யும். ஆனால் எது சத்தம் போடுகிறது என்று தெரியாமலே அதன் வாயை மூடுவதில் எனக்கு விருப்பமில்லை.

ஜூன் 9, ஞாயிறு

முதலில் ஆயில் அளவு. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஆயில் இறங்கக் காத்திருந்து அளவுக் குச்சியை எடுத்தேன். துடைத்து மறுபடி விடும்போது மரையைத் திருகக் கூடாது, வாயில் வெறுமனே வைத்து எடுக்க வேண்டும். திருகினால் குச்சி அதிக ஆழம் போய், ஆயில் நிறைய இருப்பதுபோல ஏமாற்றும். பல வருடம் நான் அப்படித்தான் ஏமாந்திருக்கிறேன் என்பது இன்று அலமாரியில் கிடைத்த கையேட்டைப் படித்தபோதுதான் புரிந்தது. குச்சியின் நுனியில் மட்டும் கறுப்பாக ஒரு சொட்டு. கீழ்க்கோட்டைக்கூட அது தொடவில்லை.

சூடு ஆறுவதற்குள் 17ஆம் நம்பர் ஸ்பானரால் அடி போல்ட்டைக் கழற்றினேன். ஆயில் மாற்றும்போது 800 மில்லி ஊற்ற வேண்டிய இன்ஜின் இது. ஏனத்தில் விழுந்தது அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். வண்டியின் அடியில் ஒழுகிய தடம் எதுவும் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக எரித்துக் குடித்திருக்கிறது. கடைசியாக எப்போது மாற்றினேன்? நினைவில்லை. அப்பா இருந்தவரை கையேட்டின் பின்னட்டையில் தேதி போட்டு எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு வெறும் தாள்.

அடுத்து, எந்த ஆயில்? கையேடு சொல்வது 10டபிள்யூ-30, அதோடு ஏபிஐ எஸ்எல், ஜாசோ எம்ஏ என்ற இரண்டு தர முத்திரைகள். முன்னால் இருக்கும் 10டபிள்யூ குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதற்கான குறி. டபிள்யூ என்பது வின்டர். திண்டுக்கல்லில் அதற்குப் பெரிய வேலை கிடையாது. இங்கே பார்க்க வேண்டியது பின்னால் இருக்கும் எண். 100 டிகிரிச் சூட்டில் 30 வகை ஆயிலின் பிசுக்குமை, அதாவது தடிப்பு, 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை. 50 வகைக்கு 16.3இல் தொடங்குகிறது. பாகங்களுக்கு நடுவே எத்தனை இடைவெளி என்பதைக் கணக்கிட்டுத்தான் 30 என்று எழுதியிருக்கிறார்கள். காலையில் கிக்கரை உதைத்தவுடன் இன்ஜினின் உச்சியில் இருக்கும் ஹெட் வரை ஏற வேண்டிய ஆயில் கூழாக இருந்தால் அங்கே போய்ச் சேரத் தாமதமாகும்.

எதிர்வீட்டு மாமா, கார் சர்வீஸில் மிஞ்சிய ஆயில் ஒரு லிட்டர் இருக்கிறது, எடுத்துக்கொள் என்றார். விலை உயர்ந்த சரக்குதான். ஆனால் இந்த வண்டியில் கிளட்ச் தட்டுகளும் அதே ஆயிலில்தான் முங்கிக் கிடக்கின்றன. பெட்ரோல் மிச்சப்படுத்துவதற்காகக் கார் ஆயில்களில் சேர்க்கும் வழுக்குப் பொருள் கிளட்சையும் வழுக்கவைத்துவிடலாம். ஜாசோ எம்ஏ என்ற முத்திரை அது நேராது என்பதற்கான உறுதி. ஸ்கூட்டருக்கான எம்பி முத்திரையும் இதற்கு ஆகாது. மாமாவுக்கு இதையெல்லாம் விளக்கியதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

புது ஆயில் ஊற்றினேன். சத்தம் குறைந்தது, போகவில்லை.

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தது. டிக் டிக்குடனே போனேன், வந்தேன்.

ஜூன் 13, வியாழன்

இரவில் தெரு அடங்கியதும், நீள ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் அழுத்தி, நுனியை இன்ஜினில் ஒவ்வோர் இடமாக வைத்துக் கேட்டேன். கீழே கிராங்க் பக்கம் சீரான உறுமல் மட்டும். டைமிங் செயின் ஓடும் இடது பக்கத்தில் சலசலப்பு இல்லை. கனமான தட்டல் எங்கும் இல்லாதது பெரிய நிம்மதி, கனெக்டிங் ராடு தட்டியிருந்தால் செலவு ஆயிரக்கணக்கில் போயிருக்கும். எக்ஸாஸ்ட் டாப்பெட் (புகை வெளியேறும் வால்வைத் தள்ளும் திருகாணி) மூடியில் வைத்தபோது மட்டும் காதுக்குள் ஊசி குத்துவதுபோலக் கேட்டது.

ஜூன் 16, ஞாயிறு

டாப்பெட் நாள். இன்ஜின் இரவு முழுக்க ஆறியிருந்தது. இரண்டு வால்வுக்கும் கையேடு சொல்லும் இடைவெளி 0.05 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு தலைமயிரின் கனம்.

மேக்னட் பக்கத்துத் துளை வழியாக, பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் 'டி' குறியைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்தேன். வால்வைத் தள்ளித் திறக்கும் எக்ஸாஸ்ட் ராக்கர் அசையவே இல்லை. சத்தம் போடுவது இதுதான் என்றால் ஆட வேண்டுமே? பத்து நிமிடம் குழம்பிய பிறகுதான் உறைத்தது. பிஸ்டன் மேலே வருவது இரண்டு தடவை, அதில் அழுத்தும் சுற்றில்தான் இரண்டு வால்வும் மூடியிருக்கும். கிராங்கை இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றியதும் ராக்கர் லொட லொடவென்று ஆடியது. இடைவெளி அளக்கும் தகடுக் கொத்தான ஃபீலர் கேஜில் 0.12 தகடு தாராளமாக நுழைந்தது.

சரிசெய்வது கைப்பழக்கம். 0.05 தகடு லேசாகப் பிடித்து இழுபட வேண்டும். அப்படி வைத்து நட்டை இறுக்கினால் திருகாணியும் சேர்ந்து சுற்றித் தகடு மாட்டிக்கொள்கிறது. மூன்றாவது முயற்சியில் படிந்தது. சத்தமே வராதபடி இறுக்கிவிடும் ஆசை எனக்கும் வந்தது. அப்படிச் செய்தால் சூட்டில் வால்வு முழுதாக மூடாமல் விளிம்பு கருகிப்போகும்.

கிளப்பினேன். ஊசிக் குத்தல் போய்விட்டது. ஆனால் அதற்கு அடியில் வேறொரு டிக் ஒளிந்திருந்தது.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத் விடுமுறை. காலையில் குளிர்ந்த இன்ஜின். இந்த டிக் ஆரம்பத்தில் பலமாக இருந்து, சூடேறினால் தேய்கிறது. முதல் நாளே கவனித்த குணம், நான்தான் அதைப் பின்தொடரவில்லை. அக்கா மகனைக் கூப்பிட்டு, தடித்த துணியைச் சுருட்டிச் சைலன்சர் வாயில் ஒரு நொடி அழுத்தச் சொன்னேன். ஹெட்டோடு சைலன்சர் குழாய் சேரும் இடத்தில் 'புஸ் புஸ்' என்று காற்று கையில் அடித்தது. குனிந்து பார்த்தால், அங்கே கரித் தடம் மீசைபோலப் படிந்திருக்கிறது. "மாமா, ஆயிலுக்கு எவ்வளவு செலவு செய்தீர்கள்?" என்று கேட்டான். அவனுக்கு அவன் அம்மாவின் வாய்.

காரணம், சந்தை அடைக்க வேண்டிய கேஸ்கெட் வளையம் ஒன்று நசுங்கித் தேய்ந்திருந்தது. உலோகம் சூட்டில் விரிந்து சந்து அடைபடும்போது சத்தமும் தேய்ந்திருக்கிறது. புது வளையம் முப்பது ரூபாய். இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன்.

ஜூன் 20, வியாழன்

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்ற மனமில்லாமல், மெக்கானிக்கின் கழிவு ஆயில் பீப்பாயில் சேர்க்க எடுத்துப்போனேன். ஒரு சொட்டை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தவர், "இது ஆயிலா சார், மை" என்றார். பிறகு வண்டியைக் கிளப்பிக் காதைச் சாய்த்தார். டாப்பெட்டின் மெல்லிய சத்தம் மட்டும் இருந்தது, இருக்க வேண்டிய அளவில்.

"பார்த்தீர்களா, நான் சொன்ன 20டபிள்யூ-50 வேலை செய்கிறது" என்றார்.

பின்னட்டையில் அப்பாவின் கடைசி வரிக்குக் கீழே தேதியையும் 10டபிள்யூ-30 என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன். மெக்கானிக்கிடம் அதைச் சொல்லவில்லை.