ஓதம் ஏறிய கடைவீட்டுச் சுவர்

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காப் பக்கம், கீழே கடையும் மேலே வீடுமான பழைய கடைவீட்டு மாடியில் குடியேறுகிறவர்களை முதல் மழைக்காலத்திலேயே சுவர் சோதித்துவிடும். பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பும், அலமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும், தொட்டால் விரலில் வெள்ளைப் பொடி ஒட்டும். கனடாவில் இருக்கும் சொந்தக்காரரைக் கேட்டால், ஹீட்டரைப் போட்டுவிட்டு ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்து வை என்பார். அங்கே அது சரிதான். குளிர்காலத்து வெளிக்காற்றில் நீர் மிகக் குறைவு, உள்ளே வந்து சூடானதும் சுவரின் ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். சிங்கப்பூரிலோ சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் ஜன்னலைத் திறந்தால் ஈரம்தான் உள்ளே வரும்.

குளிர் நாட்டில் பழைய செங்கல்லைக் கெடுப்பது பனி. செங்கல் துளைகளில் நிற்கும் நீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு பருத்து, மேல்முகத்தைப் பெயர்த்துவிடும். இங்கே அந்த வேலையை உப்பு செய்கிறது. தரையிலிருந்து ஏறும் நீர் உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகி, செங்கல்லை உள்ளிருந்தே பொடியாக்கும்.

எதையும் உடைப்பதற்கு முன், அது ஒழுகலா, காற்றின் ஈரம் சுவரில் படியும் வேர்வையா என்று பாருங்கள். அலுமினியத் தாளை 30 செ.மீ. சதுரமாக வெட்டி, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஈரமான இடத்தில் இரண்டு நாள் விட்டுவையுங்கள். தாளின் வெளிமுகத்தில் துளி கட்டினால் காற்றின் நீர், உள்முகத்தில் கட்டினால் சுவரின் நீர். பக்கத்து வீட்டில் ஏர்கான் நாள் முழுதும் ஓடினால் பொதுச்சுவர் குளிர்ந்துபோகும். காற்றுப் புழங்காத அலமாரிக்குப் பின்புறம் 25 டிகிரிக்கு இறங்கினாலே வேர்க்கும். அலமாரியை ஒரு சாண் முன்னால் இழுத்து, மின்விசிறி காற்றை அந்த இடுக்கில் படவிட்டாலே பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும்.

சுவரின் நீர்தான் என்றால் வழியைத் தேடுங்கள். மழைக்குப் பிறகு மேலிருந்து கறை இறங்கினால் ஓடோ, கூரைத் தண்ணீர் ஓடும் பீலியோ. தரையிலிருந்து ஒரு மீட்டர் வரை பட்டையாக உப்புப் பூத்தால் நிலத்து ஓதம், அதாவது மண்ணிலிருந்து ஏறும் ஈரம். மழைக்கும் வெயிலுக்கும் மாறாமல் நின்றால் குழாய். இரவில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எண் நகர்ந்திருந்தால் கசிவு உறுதி. ஒழுகலுக்கு அடியில் வைத்த வாளியைத் தினமும் கவிழ்த்துவிட வேண்டும். ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரமே போதும்.

வழியை அடைத்தபின் வருவதுதான் பெரிய வேலை. இந்தச் சுவர்களைக் கட்டியது சுண்ணாம்புச் சாந்தில். பிற்காலத்தில் யாரோ மேலே சிமென்ட் பூசியிருப்பார்கள். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது, அதனால் ஈரம் இன்னும் மேலே ஏறும். தட்டினால் பொள்ளென்று கேட்கும் பூச்சையெல்லாம், கறைக்கு மேல் அரை மீட்டர் வரை, செங்கல் தெரியப் பெயர்த்துவிடுங்கள். வெளிவரும் உப்பை உலர்ந்த தூரிகையால் தாளில் தட்டி எடுத்து வெளியே கொட்டுங்கள். கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும்.

சுவர் காய்வதற்கு மாதத்துக்கு 25 மி.மீ. கனம், அதாவது ஓர் அங்குலம் என்பது பழைய கட்டட வேலையில் புழங்கும் தோராயக் கணக்கு. கடைவீட்டின் ஒன்பது அங்குலச் சுவர் இரண்டு பக்கமும் திறந்திருந்து இருபுறமிருந்தும் காய்ந்தாலே நான்கைந்து மாதம் ஆகும். இரண்டு வாரத்தில் பூசி முடித்துத் தருகிறேன் என்னும் கான்ட்ராக்டரை நம்ப வேண்டாம். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைத்தால் ஜன்னல்களை மூடி, அறை ஈரப்பதத்தை 55, 60 விழுக்காட்டில் நிறுத்துங்கள். அதற்கும் கீழே இறக்கினால் மரம் வெடிக்கக்கூடும்.

மறுபூச்சுக்கு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய கரடு மணல் மூன்று பங்கு. கடல் மணல் கூடவே கூடாது. ஒரு தடவைக்கு 10 மி.மீ.க்கு மேல் ஏற்றாமல், ஈரச் சாக்கு போர்த்திச் சில நாள் மெதுவாக இறுகவிட வேண்டும். மேலே ஈரத்தை வெளியே விடும் சுண்ணாம்பு வெள்ளை அல்லது சிலிக்கேட் பெயின்ட். அக்ரிலிக் பூசினால் பட்ட பாடெல்லாம் வீண். இந்தப் பூச்சு நம்மவர்களுக்குப் புதிதுமில்லை. 1856 முதல் 1861 வரை இந்தியக் கைதிகள் இங்கே கட்டிய செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைத்த மெட்ராஸ் சுண்ணாம்பைத்தான் பூசினார்கள்.

லிட்டில் இந்தியா 1989 முதல் பழைய கட்டடங்களைப் பேணும் பாதுகாப்பு வட்டாரம். முகப்பு, ஓடு, உள்முற்றம் எதை மாற்றுவதானாலும் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும். வாடகைக்கு இருப்பவர் தேதியோடு படமெடுத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள், சுத்தியலை நீங்களே எடுக்காதீர்கள்.

கடைசியாக உத்திரங்கள். சுவருக்குள் நுழையும் முனைதான் முதலில் உளுக்கும். ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கத்திரிக்காயில் குத்தியதுபோல உள்ளே இறங்கினால் உடனே பொறியாளரைக் கூப்பிடுங்கள். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் உளுப்புக் காளான் வளராது. முனையை மாற்றிப் பொருத்தும்போது சுற்றிலும் 10 மி.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள். அந்த இடைவெளியைச் சாந்தால் அடைத்துவிடுவது வேலையாட்களின் வழக்கம், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.