அடுத்த மிளகாய்

காலையில் பழைய சோற்றுக்கு அம்மா பச்சை மிளகாய் கடித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர், மூக்கில் நீர். முந்தானையால் துடைத்துக்கொண்டே அடுத்த மிளகாய்க்குக் கை போகிறது.

"எரியுதுல்ல, அப்புறம் ஏம்மா?"

"எரிஞ்சாத்தான்டா சோறு இறங்கும்."

நாள் முழுக்க அந்தக் கைதான் மனதில் நின்றது.

வலியில் இன்பம் காண்பதை மசோகிசம் என்கிறோம். அது ஒரு மனிதரின் பெயர். லியோபோல்ட் வான் சாக்கர்-மசோக், இன்றைய உக்ரைனின் லிவிவ் நகரில் 1836இல் பிறந்த எழுத்தாளர். 1870இல் வந்த அவருடைய நாவலில், நாயகன் தான் நேசிக்கும் பெண்ணுக்கு அடிமையாக இருக்க ஒப்பந்தமே எழுதிக்கொடுக்கிறான். 1890இல் மனநல மருத்துவர் கிராஃப்ட்-எபிங் அந்தப் பெயரை எடுத்து ஒரு பாலியல் கோளாறுக்குச் சூட்டினார்.

அப்போது மசோக் உயிரோடு இருந்தார். 1895 வரை இருந்தார். தன் குடும்பப் பெயர் நோயின் பெயராவதை ஒருவர் உயிரோடு பார்ப்பது எவ்வளவு பெரிய கொடுமை!

சரி, அம்மாவின் மிளகாய்? அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின் இதைத் 'தீங்கற்ற மசோகிசம்' என்கிறார். மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் என்ற பொருள், சூட்டை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. வாய் வெந்துவிட்டதாக உடல் அலறுகிறது. ஒன்றும் ஆகாது என்று மனதுக்குத் தெரியும். அங்கேதான் இன்பம்.

எங்கள் தெருவில் புருஷனிடம் அடிவாங்கும் ஓர் அக்காவைப் பற்றி, "அவளுக்கே அது பிடிச்சிருக்கு போல" என்று போன வாரம் ஒருவர் சொன்னார். நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

அம்மா மிளகாயை நினைத்த நேரத்தில் கீழே வைக்கலாம். அந்த அக்காவால் முடியாது.

அப்படிச் சொன்னவரை நாளை பார்த்தால் இதைச் சொல்லிவிடுவேன்.