வீணாகக் கடலில் கலக்கும் பாலாறு

நல்ல மழை பெய்த வருஷத்தில் எங்கள் பக்கம் ஒரு பேச்சு தவறாமல் வரும். பேப்பரில் வரும், டீக்கடையில் வரும், கல்யாணப் பந்தியில்கூட வரும். "இவ்ளோ தண்ணியும் வீணா கடலுக்குப் போவுதே!" 2021 நவம்பரில் வேலூர் முழுக்க இதே பேச்சுதான். வாலாஜா அணைக்கட்டைத் தாண்டி விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போனது. 1903க்கு அப்புறம் பாலாற்றில் இப்படி ஒரு வெள்ளம் இல்லை என்றார்கள். கோட்டை அகழி நிரம்பி, வெளியேற வழியில்லாமல், ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் வந்துவிட்டது. (பெயருக்கு ஏற்ற மாதிரி சாமி கழுத்தளவு தண்ணீரில் நிற்கப் போகிறார் என்று அப்போது ஊரே கிண்டலடித்தது.)

அந்தத் தண்ணீர் கடலில் சேருகிற இடத்தை மட்டும் நான் பார்த்ததே இல்லை. நாற்பது வருஷமாகப் பாலாற்றங்கரையில்தான் வாசம். ஆற்றின் மறுமுனை எப்படி இருக்கும் என்று யோசித்ததுகூட இல்லை. மாமாவும் பார்த்ததில்லை. அவர் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மதகைத் தூக்குவது, இறக்குவது, மழைக்காலத்தில் ராத்திரி டார்ச்சோடு கரையைச் சுற்றி வருவது, இதுதான் முப்பது வருஷ வேலை. போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை, "மாமா, ஆத்தோட முடிவு வரைக்கும் போயிட்டு வரலாமா?" என்றேன். "எதுக்குடா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டார்.

விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். ஆற்காட்டில் கடை திறந்திருந்தால் மக்கன் பேடா வாங்கலாம் என்று நினைத்தேன், திறக்கவில்லை. பாலாறு மொத்தம் 348 கிலோமீட்டர். நந்தி மலைப் பக்கம் பிறந்து கர்நாடகத்தில் 93, ஆந்திராவில் 33, மிச்சம் 222 தமிழ்நாட்டில். இந்தக் கணக்கை வைத்து மேலே இருப்பவர்களைத் திட்டுவது எங்கள் ஊர்ப் பொழுதுபோக்கு. எங்களுக்குக் கீழேயும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அந்தத் திட்டலில் வராது.

வாலாஜா அணைக்கட்டில் மாமா இறங்கி நின்றார். இங்கிருந்துதான் கால்வாய்கள் பிரிந்து காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி என்று ஏரிகளுக்குப் போகின்றன. மகேந்திரவாடியில் ஒற்றைப் பாறையைக் குடைந்து செய்த கோயில் ஒன்று இருக்கிறது. 'மகேந்திர தடாகத்தின் கரையில்' அதை அமைத்ததாக மகேந்திரவர்மனின் கல்வெட்டு சொல்கிறது. கோயில் கட்டிய ராஜா, முகவரிக்கு ஏரியைச் சொல்கிறான். மாமாவிடம் இதைச் சொன்னபோது, "பின்ன? ஏரி இல்லாம கோயிலுக்கு யாரு வருவா?" என்றார்.

காவேரிப்பாக்கம் ஏரி நிறைந்து கிடந்தது. உபரி நீர் வழியும் கோடி போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இட்லி சாப்பிட்டோம். அதற்கப்புறம் காஞ்சிபுரம், வாலாஜாபாத். செய்யாறும் வேகவதியும் பாலாற்றோடு கூடும் திருமுக்கூடலில் கொஞ்ச நேரம். அங்கே பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் கல்வெட்டு, ஆஸ்பத்திரி நடத்திய கணக்கை மருந்துப் பெயர்களோடு சொல்கிறது. அது தனிக் கட்டுரைக்கு உரியது, இங்கே வேண்டாம். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொட்டபோது மணி பன்னிரண்டு.

வாயலூர். கல்பாக்கத்துக்குத் தெற்கே, ஆறு முடியும் ஊர். இங்கேயும் ஒரு பல்லவன் தூணில் தன் பரம்பரையை வரிசையாக வெட்டி வைத்திருக்கிறான், ராஜசிம்மன். ஆற்றின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒரே குடும்பம் கையெழுத்துப் போட்டிருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு தடுப்பணையும் இருக்கிறது. நல்ல தண்ணீரைத் தேக்கவும், கடல் நீர் நிலத்துக்குள் ஏறாமல் தடுக்கவும். மாமா அதைச் சுற்றிப் பார்த்து, ஷட்டரைத் தட்டிப் பார்த்து, தலையை ஆட்டினார். அவர் தலையாட்டுவது அபூர்வம்.

முகத்துவாரத்துக்கு இன்னும் பக்கத்தில் போகலாம் என்று சவுக்குத் தோப்பு வழியாக வண்டியை விட்டேன். இருநூறு அடி போனதும் பின்சக்கரம் மணலில் புதைந்துவிட்டது. ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த இன்னும் இறங்கியது. எங்கள் ஊர்ப் பாலாற்றில் மணலைத் தேடிப்பிடித்துப் பார்க்க வேண்டும். லாரி லாரியாகப் போனபின் களிமண்ணும் பாறையும் சீமைக் கருவேலமும்தான் மிச்சம். இங்கே அதே ஆற்று மணலில் வண்டி மாட்டிக்கொண்டு நிற்கிறது. மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நம்மூரு மணல்டா. ஆளு தெரிஞ்சி புடிச்சிக்கிச்சி."

வலை உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு பேர் வந்து, சக்கரத்துக்கு அடியில் தென்னை மட்டையைப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். அவர்களில் பெரியவரோடுதான் அப்புறம் ஒரு மணி நேரப் பேச்சு. "நாங்க பாலாத்துக்கு மேல இருந்து வர்றோம், வேலூரு" என்று மாமா சொன்னதும், சம்பந்தி வீட்டுக்காரரைப் பார்ப்பதுபோல் ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீங்கதானா தண்ணிய நிறுத்தி வெச்சிக்கிறது?"

முகத்துவாரத்தில் ஒரு நீள மணல் திட்டு குறுக்கே கிடந்தது. ஒரு பக்கம் கழி, அதாவது தேங்கிய ஆற்று நீர், அசைவில்லாமல், ஓரமெல்லாம் கோரையும் சிவந்த உமரிச் செடியும். மறுபக்கம் கடல் அறைந்துகொண்டிருந்தது. ஆற்றில் வெள்ளம் வந்தால் திட்டு அறுத்துக்கொண்டு வாய் திறக்கும், வரத்து நின்றால் கடல் மணலைத் தள்ளி மூடிவிடும். வாய் திறந்திருக்கும் நாளில்தான் இறால் குஞ்சு உள்ளே வரும் என்றார் பெரியவர். "ஆறு வரலன்னா கழிக்கு உசுரில்ல ஐயா. உப்பு ஏறிப் போவும். மீனு கெடையாது, நண்டு கெடையாது."

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கிட்டே கரை ஏறிய ராத்திரி இங்கே எப்படி இருந்தது என்று கேட்டேன். இங்கே காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடித்ததாம், வடக்கே இருந்தவர்களுக்குத்தான் கடல் உள்ளே வந்ததாம். நம் கரையில் கிழக்கிலிருந்து வரும் புயலின் சுழற்சி இடஞ்சுழி. அதனால் புயலின் கண்ணுக்கு வடக்கே காற்று கடலை நிலத்தின் மேல் தள்ளும், தெற்கே நிலத்திலிருந்து கடலுக்குத் தள்ளும். அன்றைக்கு மெரினாவில் புதிதாகப் போட்டிருந்த மரப்பாதை உடைந்தது ஞாபகம் இருக்கும். இந்தப் புயல் அலை சாதாரண அலை மாதிரி வந்து திரும்புவதல்ல. காற்று தள்ளத் தள்ளக் கடல் மட்டமே மேடேறி மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். ஆழம் குறைந்த கரையில் இன்னும் ஏறும். அதே நேரத்தில் மேலிருந்து ஆற்று வெள்ளமும் வந்தால், வடிய வாசல் இருக்காது.

மாமாவுக்கு இதைச் சொல்லி முடிப்பதற்குள் புரிந்துவிட்டது. "கோடிய அடைச்சா கரை உடையும். அதானே?" அதேதான். 2021இல் கோட்டைக்குள் நடந்ததும் அதேதான்.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டையும் பார்த்துவிடலாம் என்று தெற்கே போய், இரவு சிதம்பரத்தில் தங்கினோம். அறையைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை, கொசுக்கள் சொல்லும். சிதம்பரத்தின் பழைய பெயர் தில்லை. தில்லை என்பது ஒரு மரம், அதுவும் அலையாத்திக் காட்டு மரம். பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. நடராஜர் ஆடுகிற இடம் ஒரு காலத்தில் உப்பங்கழியை ஒட்டிய காடாக இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது. மாமாவுக்குப் புல்லரிக்கவில்லை, காபி ஆறிப்போகிறது என்றார்.

காலையில் பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் காடு. எல்லாரும் எழுதிவிட்ட இடம், அதனால் சுரபுன்னையின் முட்டு வேர்கள், பச்சைச் சுரங்கம் மாதிரி கால்வாய், எல்லாம் நீங்களே போய்ப் பாருங்கள். எனக்கு வேறொன்றைப் பார்க்க வேண்டியிருந்தது. துடுப்புப் போட்ட தம்பியிடம், காடு அழிந்து மறுபடி வளர்ந்த இடம் எது என்று கேட்டேன். கொஞ்சம் உள்ளே போய்ப் படகை ஒதுக்கிக் காட்டினார்.

வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி, விறகுக்கும் கட்டைக்கும் இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்திருக்கிறார்கள். நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்து, நடுவில் அமுங்கித் தாம்பாளம் மாதிரிப் பள்ளமாகிவிட்டது. ஓதத்தில், அதாவது கடல் ஏறும் நேரத்தில், வரும் நீர் அந்தப் பள்ளத்தில் தங்கிவிடும், கடல் இறங்கும் வற்றத்தில் வெளியே போகாது. வெயிலில் சுண்டி உப்பாகும். அடுத்த ஓதம் இன்னும் உப்பு. கடைசியில் உப்பில் வாழப் பிறந்த மரமே முளைக்காத உப்பளமாகிவிடும். அங்கே போய் எத்தனை கன்று நட்டாலும் செத்துத்தான் போகும். 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து முதலில் செய்தது மரம் நடுவதல்ல, வாய்க்கால் வெட்டுவது. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள், மேலிருந்து பார்த்தால் மீன் முள். ஓதம் உள்ளே வந்து, உப்பைக் கரைத்துக்கொண்டு, வற்றத்தோடு வெளியே போக வழி. அந்த வழி கிடைத்த பிறகுதான் கன்று பிழைத்தது.

மாமா படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்தக் கிளை வாய்க்காலையே பார்த்தார். ஓரச் சேற்றில் வெண்கண்டலின் மூச்சு வேர்கள் பென்சில் பென்சிலாக நின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் சேறு காய்ந்த கோடு, ஒரே மட்டத்தில், ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி. "தண்ணி அதுவரைக்கும் ஏறியிருக்குடா" என்றார். ஏரிக் கரைக் கல்லில் வெள்ள மட்டம் பார்த்துப் பழகிய கண். அப்புறம் மெதுவாக, "இது வரத்துக்கால்வாய்தான். போக்குக் கால்வாயும் அதேதான். ரெண்டும் ஒண்ணு" என்றார்.

2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின, மணலை ஒட்டியிருந்தவை போயின என்பது இங்கே எல்லாரும் சொல்வது. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 கிராமங்களை ஒப்பிட்டு அப்படித்தான் எழுதினார்கள். அதே கணக்கை மறுபடி போட்டவர்கள், ஊரின் மேடும் கடலிலிருந்து உள்ள தூரமும்தான் பெரிய காரணம், காட்டுக்கு அவ்வளவு பங்கில்லை என்று மறுத்தார்கள். புயலுக்கு ஓரளவு தெளிவான கணக்கு உண்டு. நூறு மீட்டர் அகலக் காடே காற்றலையின் உயரத்தை 13 முதல் 66 சதவீதம் வரை குறைக்கும். ஆனால் மேடேறி நிற்கும் கடல் மட்டத்தைக் குறைக்க ஒரு கிலோமீட்டர் காட்டுக்கு 5 முதல் 50 சென்டிமீட்டர்தான். அதாவது, கரையோரம் இரண்டு வரிசை கண்டல் நட்டு போட்டோ எடுத்தால் கடல் கேட்காது. அகலம் வேண்டும், ஆழமான சேறு வேண்டும், அந்தச் சேற்றைக் கொண்டுவர ஆறு வேண்டும். கஜா புயலில், 2018இல், முத்துப்பேட்டைக் காடே அடி வாங்கியது. மீண்டு எழ அதற்கும் நல்ல தண்ணீர் வேண்டும்.

திரும்பும் வழியில் வந்தவாசி, ஆரணி வழியாக வந்தோம். "அப்ப தண்ணி கடலுக்குப் போறது வீணில்லங்கிறே" என்று மாமா ஆரம்பித்தார். நான் ஆமாம் என்றேன். ஆரணி வரை சண்டை. அவர் கட்சி: ஏரி நிரம்பாமல் கடலுக்கு விடுவது பாவம், காவேரிப்பாக்கத்துக் கடைமடைக்காரன் வாய்க்காலைப் பார்த்துக் காத்திருப்பதை நீ பார்த்ததில்லை. என் கட்சி: நிரம்பிய பிறகும் திட்டுகிறோமே, அதுதான் தப்பு. மணலையும் அள்ளிவிட்டு, தோல் பதனிடும் ஆலைக் கழிவையும் ஆற்றில் கலந்துவிட்டு, வருஷத்தில் பத்து நாள் வருகிற வெள்ளத்தையும் வீண் என்றால் அந்தப் பெரியவர் எங்கே போவார்? தோல் கழிவுக்கு எதிராக வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நுரை அதற்கப்புறமும் வந்தது. "ஏரி மொதல்ல, கழி அப்புறம்" என்று மாமா முடித்துக்கொண்டார். முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. நானும் முழுக்க ஜெயிக்கவில்லை.

ஊருக்குள் நுழையும்போது மணி எட்டு. எங்கள் ஏரி வரத்துக்கால்வாய் பக்கம் வண்டியை நிறுத்தச் சொன்னார். சிறுபாலத்துக்கு அடியில் தெர்மோகோல், வாழைமட்டை, பாலிதீன் கவர், ஒரு கிழிந்த மெத்தை எல்லாம் அடைத்துக் கிடந்தன. தண்ணீர் இந்தப் பக்கம் தேங்கி ரோட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நான் போன் வெளிச்சம் காட்டினேன். மெத்தையை இழுக்க இழுக்க வரவில்லை. கடைசியில் ஒரு மூங்கில் கழியைக் கொடுத்து நெம்பினார். களக்கென்று ஒரு சத்தம், முட்டியளவு நின்ற தண்ணீர் அவர் காலைத் தள்ளிக்கொண்டு பாலத்துக்கு அடியில் ஓடியது.

"லைட்ட இந்தப் பக்கம் காட்டுடா, என் செருப்பு போவுது" என்று கத்தினார்.